சே குவேராவின் பாட்டி வழியே கால்வே வரை: லிஞ்ச் குடும்பத்தைத் தேடும் இழை

மரக்கலம்:

சே குவேராவின் அப்பா பெயர் எர்னெஸ்தோ குவேரா லிஞ்ச். அந்த லிஞ்ச் எங்கிருந்து வந்தது என்று பிடித்துக்கொண்டு போனால், அயர்லாந்தின் மேற்குக் கரையில் கால்வே நகரத்தில் போய் நிற்கிறது. நடுவில் பியூனஸ் ஐரிஸ், சந்தியாகோ, லிமா, சான் பிரான்சிஸ்கோ எல்லாம் வந்துபோகின்றன. இந்த ஒரு குடும்பத்தைத் தலைமுறை தலைமுறையாகப் பார்க்கலாம் என்றுதான் இழையைத் தொடங்குகிறேன். கையில் இருக்கும் வரிசையை முதலில் வைத்துவிடுகிறேன்.

தென் அமெரிக்கா வந்தவர் பேட்ரிக் லிஞ்ச். 1715இல் கால்வே பக்கம் லிடிக்கன் கோட்டைக் குடும்பத்தில் பிறந்தவர். அம்மா பிளேக் வீட்டுப் பெண். லிஞ்ச், பிளேக் இரண்டுமே கால்வேயைக் கையில் வைத்திருந்த 14 வணிகக் குடும்பங்களைச் சேர்ந்தவை. 1484இல் நகரத்துக்கு அரச சாசனம் கிடைத்ததிலிருந்து 1654 வரை லிஞ்ச் குடும்பத்தார் 80 தடவைக்கு மேல் மேயராக இருந்திருக்கிறார்கள். அவர்கள் கட்டிய கல்மாளிகை இன்றைக்கும் கால்வே கடைத்தெருவில் நிற்கிறது. இப்போது அது ஒரு வங்கிக் கிளை.

பேட்ரிக் முதலில் ஸ்பெயினில் பில்பாவோ துறைமுகத்துக்குப் போகிறார், அங்கிருந்து பியூனஸ் ஐரிஸ். 1749இல் ரோசா தெ கலயா என்ற வசதியான வீட்டுப் பெண்ணை மணக்கிறார். மகன் ஹூஸ்தோ பாஸ்தோர் லிஞ்ச் பியூனஸ் ஐரிஸ் சுங்கத்துறையின் நிர்வாகி ஆகிறார். ஹூஸ்தோவின் பிள்ளைகளில் இரண்டு பேர் நமக்கு முக்கியம். ஒருவர் பாத்ரீசியோ ஹூலியான், கப்பல் முதலாளி, அர்ஜென்டினாவிலேயே தங்கியவர். இன்னொருவர் எஸ்தானிஸ்லாவோ. விடுதலைப் போர்த் தளபதி சான் மார்ட்டினின் படையோடு ஆண்டிஸ் மலையைத் தாண்டிச் சிலிக்குப் போய் அங்கேயே வியாபாரியாக வேரூன்றியவர். குடும்பம் இரண்டாகப் பிரிவது இங்கேதான்.

இதற்கு மேல் தெரிந்தவர்கள் சேருங்கள். ஒரு வேண்டுகோள்: ஒவ்வொரு படிக்கும் அப்பா, அம்மா, ஊர், ஆண்டு இருந்தால்தான் வரிசையில் சேர்ப்போம். பெயர் ஒத்துப்போவது மட்டும் போதாது.

---

கருவேலன்:

அருமை மரக்கலம். ஒரு சந்தேகம். ஐரிஷ் புலம்பெயர்வு என்றாலே 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சம்தான் நினைவுக்கு வருகிறது. பட்டினி, நோய் பரவிய கப்பல், நியூயார்க் துறைமுகம். இவர் அதற்கு நூறு வருடம் முன்னாடி, அதுவும் மேயர் பரம்பரையிலிருந்து கிளம்பியிருக்கிறார். இவ்வளவு வசதியான வீட்டுப் பையன் எதற்காக ஊரைவிட்டுப் போக வேண்டும்?

---

சுவடி:

கருவேலன், நீங்கள் சொல்லும் மேயர் பரம்பரைக்கு 1654இலேயே முற்றுப்புள்ளி வைத்துவிட்டார்கள். 1652இல் கால்வே இங்கிலாந்தின் குரோம்வெல் அனுப்பிய படையிடம் சரணடைந்தது. அடுத்த ஓரிரு வருடங்களில் கத்தோலிக்க வணிகக் குடும்பங்கள் நகர ஆட்சியை இழந்தன, பல குடும்பங்கள் வீட்டையே இழந்தன. 1691இல் கத்தோலிக்கர் தரப்புக்கு இன்னொரு தோல்வி. அதன்பிறகு வந்த தண்டனைச் சட்டங்களின் கீழ் கத்தோலிக்கர் நிலம் வாங்க முடியாது, நாடாளுமன்றத்தில் உட்கார முடியாது, வழக்கறிஞர் ஆக முடியாது. தகப்பன் இறந்தால் மூத்தவன் மதம் மாறாத வரைக்கும் நிலத்தை மகன்கள் எல்லோருக்கும் துண்டு போட வேண்டும். இரண்டு தலைமுறையில் எந்தச் சொத்தும் கரைந்துவிடும்.

அந்த நிலையில் இளைய மகனுக்கு என்ன வழி? கால்வேக்கும் ஸ்பெயினுக்கும் திராட்சை மது வியாபாரம் நூற்றாண்டுகளாக நடந்துவந்தது. ஸ்பெயினில் ஐரிஷ் கத்தோலிக்கரை அந்நியராக நடத்தவில்லை, ஸ்பானியருக்கு உள்ள உரிமைகள் அவர்களுக்கும் கிடைத்தன. காலனிகளில் அந்நியர் குடியேறவே தடை இருந்த காலத்தில் இதன் பெறுமதி பெரிது. பேட்ரிக் பியூனஸ் ஐரிஸில் இறங்கியபோது ஸ்பானிய மன்னரின் குடிமகன் என்ற அந்தஸ்தோடு இறங்கினார். அதனால்தான் அவரால் உயர்குடியில் பெண் எடுக்க முடிந்தது.

---

தென்முனை:

அர்ஜென்டினா ஐரிஷ்காரர்களைப் பற்றிப் படித்தவன் என்ற முறையில் ஒரு விஷயம். 19ஆம் நூற்றாண்டில் அங்கே போன பெருங்கூட்டம் வேறு. வெஸ்ட்மீத், லாங்ஃபோர்ட், வெக்ஸ்ஃபோர்ட் பகுதிகளிலிருந்து ஆடு மேய்க்கப் போனவர்கள், பியூனஸ் ஐரிஸ் மாகாணத்துப் புல்வெளியில் ஆட்டுப்பண்ணை வைத்தவர்கள். அவர்களுக்கு வங்கியாளராகவும் கல்யாணத் தரகராகவும் மத்தியஸ்தராகவும் இருந்தவர் கால்வே மாவட்டம் லாக்ரேயைச் சேர்ந்த பாதிரியார் அந்தோணி ஃபாஹி. 1871இல் மஞ்சள் காய்ச்சல் நகரத்தை வாரிக்கொண்டு போன சமயத்தில் இறந்தார். அந்தச் சமூகம் 1875இல் ஆங்கிலத்தில் தனக்கென்று பத்திரிகையே தொடங்கியது.

1889இல் டிரெஸ்டன் என்ற கப்பலில் போனவர்கள் கதை கொடுமை. குடியேற்ற முகவர்களின் பேச்சை நம்பி ஏறத்தாழ 1,800 பேர் ஏறினார்கள். இறங்கியபோது தங்க இடமில்லை. ஒரு பகுதியினரை பாயியா பிளாங்கா பக்கம் நபோஸ்தாவுக்கு அனுப்பினார்கள். அங்கே வீடும் இல்லை, நல்ல தண்ணீரும் இல்லை. குழந்தைகள் கொத்துக்கொத்தாக இறந்தார்கள். ஐரிஷ் குடியேற்றம் அதோடு ஓய்ந்துபோனது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், லிஞ்ச் குடும்பம் இந்த எந்தப் பட்டியலிலும் இருக்காது. அவர்களை ஐரிஷ் பள்ளிகளிலும் ஐரிஷ் பத்திரிகைகளிலும் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். 1749லேயே ஸ்பானிய மொழிக்குள் கரைந்த குடும்பம் அது.

---

அல்லி:

மரக்கலம் சார், ஒரு இணையக் குடும்ப மரத்தில் சேவின் கொள்ளுத்தாத்தா பிரான்சிஸ்கோ லிஞ்ச் என்றும், அவர் ராணுவக் கர்னல் என்றும், 1840இல், அப்போது பியூனஸ் ஐரிஸை ஆண்ட சர்வாதிகாரி ரோசாஸின் ஆட்கள் கையால் கொல்லப்பட்டார் என்றும் போட்டிருக்கிறார்கள். அதே மரத்தில் அவருடைய மகள் அனா இசபெல் கலிபோர்னியாவில் பிறந்தார் என்றும் இருக்கிறது. கலிபோர்னியாவில் தங்கம் கிடைத்ததே 1848 ஜனவரியில்தானே? இது எப்படிப் பொருந்தும்?

---

சுவடி:

பொருந்தாது அல்லி, நீங்கள் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். இரண்டு பிரான்சிஸ்கோ லிஞ்ச்களை ஒருவராக ஒட்டிவிட்டார்கள்.

கர்னல் பிரான்சிஸ்கோ லிஞ்ச் 1795இல் பிறந்தவர். ரோசாஸின் எதிர்த்தரப்பு. 1840 மே 4 இரவு இன்னும் சிலரோடு ஆற்றங்கரைக்குப் போய், படகேறி மாண்டிவிடியோவுக்குத் தப்பப் பார்த்தார்கள். ரோசாஸுக்காக வீடு புகுந்து கொலை செய்த மசோர்க்கா என்ற அடியாள் படை வழியிலேயே மடக்கியது. கர்னல் அங்கேயே கொல்லப்பட்டார்.

சேவின் கொள்ளுத்தாத்தா 1817இல் பிறந்தவர். கப்பல் முதலாளி பாத்ரீசியோ ஹூலியானின் மகன். இவரும் ரோசாஸ் காலத்தில் ஊரைவிட்டு ஓடியவர்தான், ஆனால் உயிர் தப்பியவர். பசிபிக் கரையோரமாகப் போய்க் கடைசியில் கலிபோர்னியா சேர்ந்தார். ஒரே பெயர், ஒரே ஊர், ஒரே எதிரி என்பதால் குழப்பம் வருகிறது. ஆனால் 1840இல் இறந்தவருக்குத் தங்க வேட்டைக்குப் பிந்திய கலிபோர்னியாவில் மகள் பிறக்க முடியாது. பிறந்த ஆண்டையும் இறந்த ஆண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே தீர்ந்துவிடும் விஷயம். இணைய மரங்களில் ஒருவர் போட்டதை இன்னொருவர் அப்படியே இழுத்து ஒட்டிக்கொள்வதால் தவறு பத்து மரங்களுக்குப் பரவி, பத்து ஆதாரம் இருப்பது மாதிரி தோற்றம் தருகிறது. இது எனக்கு உண்மையிலேயே கோபம் வரவைக்கும் விஷயம். செத்தவர்களுக்குச் செய்யும் அநியாயம் இது.

---

மரக்கலம்:

நன்றி சுவடி ஐயா. அப்போ வரிசை இப்படி நிற்கிறது: பேட்ரிக், ஹூஸ்தோ பாஸ்தோர், பாத்ரீசியோ ஹூலியான், பிரான்சிஸ்கோ (1817), அனா இசபெல், எர்னெஸ்தோ குவேரா லிஞ்ச், 1928இல் ரொசாரியோவில் பிறந்த எர்னெஸ்தோ.

கப்பல் முதலாளியைப் பற்றி இன்னொரு தகவல். எரோயினா என்ற போர்க்கப்பல் இவருடையது. கொள்ளைக்கு உரிமம் பெற்ற கப்பலாக ஸ்பானியருக்கு எதிராக அனுப்பப்பட்டது. அதன் தலைவன் டேவிட் ஜூவெட் 1820 நவம்பர் 6 அன்று மால்வினாஸ் தீவுகளில், அதாவது ஆங்கிலேயர் ஃபாக்லாந்து என்று சொல்லும் தீவுகளில், பியூனஸ் ஐரிஸ் அரசின் கொடியை ஏற்றினான். அர்ஜென்டினா இன்றைக்கும் அந்த நாளை நினைவுகூர்கிறது. அந்தக் கொடியேற்றத்துக்குப் பின்னால் ஒரு கால்வே குடும்பத்தின் பேரனுடைய பணம் இருக்கிறது.

---

கருவேலன்:

கலிபோர்னியா விஷயம் எனக்குப் புதுசு. தென் அமெரிக்காவிலிருந்து அவ்வளவு பேர் போனார்களா?

---

தென்முனை:

நிறையப் பேர். அமெரிக்கக் கிழக்குக் கரையிலிருந்து கிளம்பினால் தென் அமெரிக்காவின் தெற்குக் கோடியான கொம்பு முனையைச் சுற்றி வர மாதக்கணக்கில் ஆகும். சிலியின் வால்பரைசோ துறைமுகமும் பெருவின் கய்யாவோவும் ஏற்கெனவே பசிபிக் கரையில் இருக்கின்றன. அதனால் சிலிக்காரர்களும் பெருக்காரர்களும் கிழக்குக் கரைக் கூட்டத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பிறகு அவர்கள் மேல் வெறுப்பு கிளம்பி, 1850இல் வெளிநாட்டுச் சுரங்கத் தொழிலாளிக்கு மாதம் 20 டாலர் வரி போட்டார்கள்.

இதில் அழகு என்னவென்றால் சேவின் தாத்தா ரொபெர்த்தோ குவேராவும் கலிபோர்னியாவில் பிறந்தவர்தான். அவருடைய குடும்பமும் தங்கம் தேடிப் போன அர்ஜென்டினாக் குடும்பம். இரண்டு குடும்பமும் ரோசாஸ் விழுந்த பிறகு நாடு திரும்பின, பிள்ளைகள் கல்யாணம் செய்துகொண்டார்கள். ஆக, அமெரிக்காவின் ஜென்ம விரோதியாகப் பார்க்கப்பட்ட மனிதரின் அப்பா வழித் தாத்தா, பாட்டி இரண்டு பேருமே அமெரிக்க மண்ணில் பிறந்தவர்கள்.

---

அல்லி:

அந்தப் பாட்டியைப் பற்றி இங்கே இரண்டு வரியாவது இருக்க வேண்டும். எல்லா மரத்திலும் பெண்கள் ஒரு பெயரோடு முடிந்துவிடுகிறார்கள்.

அனா இசபெல் லிஞ்ச் வீட்டில் கலிபோர்னியாக் கதைகள் சொல்லியே பிள்ளைகளை வளர்த்தவர். பேரன் எர்னெஸ்தோவுக்கு அவர் மேல் தனிப் பாசம். 1947இல் பாட்டிக்கு முடியவில்லை என்று தந்தி வந்ததும் வேலையைப் போட்டுவிட்டு பியூனஸ் ஐரிஸுக்கு ஓடிவந்து, கடைசி மூச்சு வரை படுக்கை அருகிலேயே இருந்து பணிவிடை செய்தான். அதுவரை பொறியியல் படிக்கத்தான் திட்டம். பாட்டி போன பிறகு மருத்துவத்தில் சேர்ந்தான். லிஞ்ச் என்ற பெயர் சே வரைக்கும் வந்ததே இந்தப் பெண்மணி வழியாகத்தான்.

---

சுவடி:

அல்லி சொன்னதிலிருந்து ஒரு தொழில்நுட்ப விஷயம். ஆண் வழி டிஎன்ஏ சோதனை அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும். சேவின் வரிசையில் நடுவில் அனா இசபெல் இருப்பதால் அந்தச் சோதனை குவேராக்களைக் காட்டுமே தவிர கால்வே லிஞ்ச்களைக் காட்டாது. காகிதம்தான் ஒரே வழி.

காகிதத்துக்கும் சோதனைதான். இந்தக் குடும்பத்தைத் தேட வேண்டிய மூன்று ஊரிலும் ஆவணங்கள் தீக்கிரையாகியிருக்கின்றன. டப்ளினில் 1922 ஜூன் 30, உள்நாட்டுப் போரில் நீதிமன்ற வளாகத்துப் பொது ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. நூற்றாண்டுகளின் உயில்கள், 1821 முதல் 1851 வரையிலான மக்கள்தொகைக் கணக்குகளில் பெரும்பகுதி, எல்லாம் சாம்பல். சான் பிரான்சிஸ்கோவில் 1906 ஏப்ரல் நிலநடுக்கமும் அதன்பின் மூன்று நாள் எரிந்த தீயும் நகரப் பதிவேடுகளை விழுங்கின. பியூனஸ் ஐரிஸில் 1955 ஜூன் 16 பகலில் கடற்படை விமானங்கள் மாயோ சதுக்கத்தில் குண்டு போட்டன. அன்று இரவு அதிபர் பெரோனின் ஆதரவுக் கும்பல் தேவாலயங்களையும் பேராயர் அலுவலகத்தையும் கொளுத்தியது. காலனி காலத்து ஆவணங்கள் அங்கே ஏராளமாக இருந்தன.

ஆனால் எதெல்லாம் வேறு கட்டடத்தில் இருந்ததோ அதெல்லாம் தப்பித்தது. டப்ளினில் 1708இல் தொடங்கிய பத்திரப் பதிவகம் தனிக் கட்டடத்தில் இருந்ததால் முழுசாக இருக்கிறது. பேட்ரிக்கின் அப்பா தலைமுறைக்கு நான் முதலில் போவது அங்கேதான். குத்தகை, அடமானம், கல்யாணச் சீர் ஒப்பந்தம் என்று ஒவ்வொன்றிலும் உறவுமுறை எழுதியிருக்கும். அயர்லாந்தின் மேற்கில் கத்தோலிக்கப் பங்குத் தேவாலயப் பதிவேடுகள் பெரும்பாலும் மிகவும் பிந்தியவை. 2015 முதல் அவை இணையத்தில் இலவசம் என்றாலும் 1715க்கு அதிகம் உதவாது. பியூனஸ் ஐரிஸில் பங்குத் தேவாலயப் பதிவேடுகள் பெரும்பாலும் அந்தந்தப் பங்கிலேயே இருந்து பிழைத்தன. அவற்றில் ஒரு பெரிய வசதி, அம்மாவின் குடும்பப் பெயரையும் எழுதுவார்கள், சில பதிவுகளில் தாத்தா பாட்டி பெயர்களும் இருக்கும். இங்கிலீஷ் பதிவேட்டில் பெண்ணின் பிறந்த வீடு ஒரே தலைமுறையில் காணாமல் போய்விடும்.

கலிபோர்னியாவுக்கு 1850 கணக்கெடுப்பை நம்ப வேண்டாம், சான் பிரான்சிஸ்கோ தாள்கள் கிடையாது. 1852 மாநிலக் கணக்கெடுப்பைப் பாருங்கள். அதில் பிறந்த இடத்தோடு கடைசியாக வசித்த இடமும் கேட்டிருக்கிறார்கள். அங்கே அயர்லாந்தில் பிறந்த லிஞ்ச்கள் ஏராளம். பியூனஸ் ஐரிஸில் பிறந்த லிஞ்ச் தனியாகத் தெரிவார்.

---

தென்முனை:

சிலிக் கிளைக்கு வருகிறேன். எஸ்தானிஸ்லாவோவின் மகன் பாத்ரீசியோ லிஞ்ச், 1824இல் சந்தியாகோவில் பிறந்தவர். அப்பாக்கள் இருவரும் அண்ணன் தம்பி என்பதால் சேவின் கொள்ளுத்தாத்தாவும் இவரும் ஒன்றுவிட்ட சகோதரர்கள்.

இளம் வயதில் பிரிட்டிஷ் கடற்படையில் பயிற்சிக்குப் போய், முதல் அபினிப் போரில் சீனக் கரையில் சண்டை போட்டவர். 1879இல் சிலிக்கும் பெரு, பொலிவியாவுக்கும் நடுவே பசிபிக் போர் வெடித்தது. அடுத்த ஆண்டு வட பெருக் கரையின் கரும்புத் தோட்டங்களைத் தாக்க இவரை அனுப்பினார்கள். கப்பம் கட்டாத தோட்டங்களைக் கொளுத்தினார், ஆலைகளைத் தகர்த்தார். அந்தத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாக அடிமைகள் மாதிரி அடைபட்டிருந்த சீனர்களை விடுவித்தார். அவர்கள் இவரைச் சிவப்பு இளவரசர் என்று அழைத்து, படைக்குப் பின்னாலேயே நடந்து வந்தார்கள். 1881 முதல் 1883 வரை லிமாவை ஆண்ட ராணுவ ஆளுநரும் இவர்தான். பெருவின் கடைசி வைஸ்ராய் என்ற பட்டப்பெயர் அதனால் வந்தது. அந்த ஆக்கிரமிப்பில் லிமாவின் தேசிய நூலகம் சூறையாடப்பட்டது. 2007இல்தான் சிலி 3,788 புத்தகங்களைத் திருப்பித் தந்தது.

1952 மே மாதம் சே லிமாவுக்கு வந்து தொழுநோய் மருத்துவமனையில் தங்கியபோது, அதே நகரத்தை எழுபது வருடத்துக்கு முன் ஆண்டவர் தன் பாட்டியின் அப்பாவுக்குச் சகோதர முறை.

---

கருவேலன்:

அதே பரம்பரையில் கப்பல் முதலாளி, ஆக்கிரமிப்பு ஆளுநர், புரட்சிக்காரர். அர்ஜென்டினாப் புல்வெளி வாழ்க்கையை நாவல்களாக எழுதிய பெனிதோ லிஞ்சும் இந்த வழியில் வந்தவர் என்று படித்திருக்கிறேன். பராகுவேயின் எலிசா லிஞ்ச்?

---

சுவடி:

பெனிதோ சரி. எலிசா இல்லை. அவர் கார்க் மாவட்டம் சார்ல்வில்லைச் சேர்ந்தவர், 1833இல் பிறந்தவர். பிற்பாடு பராகுவேயின் அதிபரான பிரான்சிஸ்கோ சொலானோ லோபஸைப் பாரிஸில் சந்தித்து அவரோடு அசுன்சியோன் போனார். 1870 மார்ச் 1 அன்று செரோ கோராவில் லோபஸும் மூத்த மகனும் கொல்லப்பட்ட பிறகு, இருவரையும் தன் கையாலேயே மண் தோண்டிப் புதைத்தார். மகத்தான பெண்மணி. ஆனால் பேட்ரிக்கின் வம்சம் கிடையாது. லிஞ்ச் அயர்லாந்தில் அவ்வளவு பரவலான குடும்பப் பெயர். மரக்கலம் முதல் பதிவில் வைத்த விதி இதற்குத்தான்.

---

கருவேலன்:

எனக்கு ஒரு கேள்வி உறுத்துகிறது. தன் மகனின் நரம்புகளில் ஐரிஷ் கலகக்காரர்களின் ரத்தம் ஓடியது என்று குவேரா லிஞ்ச் 1969 பேட்டியில் சொல்கிறார். ஐரிஷ் தபால்துறை 2017இல் சே படம் போட்ட தபால்தலை வெளியிட்டபோதும் இந்த வாசகம்தான் அடிபட்டது. இந்த இழையைப் படித்தபின் கேட்கிறேன்: பேட்ரிக் எங்கே கலகம் செய்தார்? கணக்குப்படி சேவுக்கு அந்த மட்டத்தில் 64 மூதாதையர். பேட்ரிக் அதில் ஒருவர். மீதி 63 பேர் என்ன ஆனார்கள்?

---

மரக்கலம்:

உங்கள் கணக்கு சரி கருவேலன். ரத்தம் என்ற பேச்சை நானும் ஏற்கவில்லை. பேட்ரிக் வாள் எடுத்தவர் அல்ல, வியாபாரி. போன இடத்தில் ஆளும் வர்க்கத்தோடு சேர்ந்துகொண்டவர். அதே ரத்தம்தான் லிமாவில் ஆக்கிரமிப்புப் படைக்கும் தலைமை தாங்கியது. ரத்தம் பேசும் என்றால் இரண்டுக்கும் பேச வேண்டும்.

---

அல்லி:

கொஞ்சம் மாறுபடுகிறேன் சார். ரத்தம் வேண்டாம், சரி. ஆனால் அந்த வீட்டில் சொல்லிச் சொல்லி வளர்ந்த கதை என்ன? சட்டம் போட்டு ஒடுக்கிய ஊரிலிருந்து கிளம்பினோம். ரோசாஸுக்குப் பயந்து இன்னொரு தடவை ஓடினோம். அந்நியன் என்று வரி போட்ட கலிபோர்னியாவில் பிள்ளை பெற்றோம். பாட்டி மடியில் இதைக் கேட்டு வளர்ந்த பையனுக்கு எல்லை என்ற ஒன்று பெரிதாகத் தெரியாமல் போனதில் ஆச்சரியம் இல்லை. 1964 டிசம்பரில் சே வந்த விமானம் டப்ளினில் இறங்கியபோது, உங்கள் முன்னோரின் பச்சை அயர்லாந்தில் இருக்கிறேன் என்று அப்பாவுக்கு எழுதிப்போட்டிருக்கிறார். அந்த நினைவு வீட்டில் உயிரோடு இருந்ததால்தானே எழுதினார்? டிஎன்ஏயில் இல்லாதது சாப்பாட்டு மேசையில் இருந்திருக்கிறது.

---

கருவேலன்:

அல்லி, இதை ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் பாராட்டு அனா இசபெலுக்குப் போகட்டும், கால்வேக்கு வேண்டாம்.

2012இல் கால்வே நகரசபை சேவுக்கு நினைவுச்சின்னம் வைக்கலாம் என்று கிளம்பி, அமெரிக்க நாடாளுமன்றத்தின் கியூப வம்சாவளி உறுப்பினர் வரை எதிர்ப்பு வந்து, திட்டம் நின்றுபோனது நினைவிருக்கிறதா? ஒரு பாட்டி வழி உறவுக்கு ஊரே இரண்டுபட்டது.

---

தென்முனை:

சிலிக் கிளையின் அடுத்த தலைமுறைகளை யாராவது எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு குறிப்பு: சிலியில் அரசுப் பிறப்புப் பதிவு 1885இல்தான் தொடங்கியது. அட்மிரல் பாத்ரீசியோ லிஞ்ச் 1886இல் ஸ்பெயினில் தூதர் பணி முடிந்து திரும்பும் வழியில் கப்பலிலேயே இறந்தவர். ஆகவே அவர் பிள்ளைகளுக்குத் தேவாலயப் பதிவேடுதான்.

---

மரக்கலம்:

நான் எடுத்துக்கொள்கிறேன். முதலில் எஸ்தானிஸ்லாவோவின் கல்யாணப் பதிவு. மனைவி கார்மென் சோலோ தெ சல்திவார் என்ற பெயரை வைத்து சந்தியாகோப் பங்குகளில் தொடங்குகிறேன். அல்லி, கலிபோர்னியா 1852 தாள்கள் உங்களுடையது. பிறந்த இடம் பியூனஸ் ஐரிஸ் என்று இருப்பவர்களை மட்டும் பொறுக்கி இங்கே போடுங்கள். எழுத்துப்பிழையோடு இருந்தாலும் விட்டுவிட வேண்டாம்.